வழிச் சேதம்

ஷட்டர் பூட்டச் சுவரை இடித்தபோது
பலகைக்குப் பின்னாலிருந்து விழுந்தது பேரேடு.
முதல் நூறு பக்கம் கறையானுக்கு.
மிச்சம் எனக்கு,
சோற்றுப் பார்சலை விரித்துவைத்த அரைமணி நேரத்தில்.

திகதி. சாமான். வீடு.
அனுப்பிய நிறை. சேர்ந்த நிறை.
கடைசிக் கட்டத்தின் இங்கிலீசுச் சொல்லுக்கு
வழிச் சேதம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

ஐஸ், இருபது இறாத்தல்.
ஓர்ஸ் ஹில், ஏழாம் பங்களா.
சேர்ந்தது பதினாலு.
சேதம் ஆறு: கதிரமலையின் கணக்கில்.

மறுநாளும் இருபது, மறுநாளும் கதிரமலை.
கச்சான் காற்று எழுந்த மாதம் சேதம் எட்டு.
வாடை தொடங்கிய பிறகு நாலு.
கைவண்டி ஏற்றத்தில் நின்று நின்று போயிருக்கும்.
ஒழுகியதைக் கோட்டைப் பக்கத்து மான்கள்
நக்கினவோ என்னவோ,
மான்களின் கணக்கில் யாரும் எழுதவில்லை.

பிரென்டர் கம்பனி.
தொப்பி, கிராமபோன் ஊசி, தகரத்தில் அடைத்த புடிங்,
கடற்படைத் துரைமாரின் பிள்ளைகளுக்கு ஆடுகுதிரை.
முன்வாசல் கண்ணாடி அவர்களுக்கு,
பக்கவாசல் நமக்கு.
இந்தக் கிட்டங்கிக்கு மட்டும் ஒரே வாசல்,
லொறியின் உயரத்துக்கு.

டி வாஸ் என்று வாலைச் சுழித்துக் கையொப்பமிட்ட கிளாக்கருக்கு
ஐஸ் கரையும் என்று தெரியாதா?
தெரியும். அந்தக் கட்டத்தில் அதை எழுத இடமில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்
இருபதுக்கு இருபது, சேதம் இல்லை.
பக்கத்தில், எறும்பளவு எழுத்தில்:
நம்பவில்லை.

சாக்கை நனைத்துச் சுற்றினானா,
மரத்தூளுக்குக் காசு கொடுத்தானா,
பங்களாத் தராசில் யாரும் பாராதபோது
கட்டைவிரலை வைத்தானா?
எனக்குக் கட்டைவிரல்தான் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் ஒன்பது, நாற்பத்திரண்டு.
தொப்பிப் பெட்டி, ஒன்று.
அனுப்பியது ஒன்று. திரும்பியது ஒன்று.
வழிச் சேதம்:
வீடு.

அவ்வளவுதான்.
அடுத்த வரி மூதூருக்குப் போன சீனி,
உதுமாலெவ்வையின் வள்ளம்,
உப்புத்தண்ணீர் பட்டு இரண்டு மூட்டை கட்டி.
யாருடைய கணக்கில் என்று கேட்கத் தேவையில்லை.

பேரேடு ஐம்பத்தேழில் நின்றுவிடுகிறது.
கிட்டங்கி நிற்கவில்லை.
நெல், சீமெந்து, சும்மா கிடந்த காலம்,
பிறகு தொண்ணூறில் நூற்றுப்பதினொரு பேர்.
மரத்தட்டுகளில் பாய் விரித்தார்களாம்.
நிவாரணம் கொண்டுவந்தவர் பெயர் கேட்கவில்லை,
தட்டின் இலக்கம் கேட்டார்.
அம்மா சி-நாலு.
இன்றைக்கும் பெட்டிகளைத் தன் பெயர் போட்டு மூன்று தரம் கட்டுவாள்.
சி-நாலில் இப்போது ஏர் ஃப்ரையர்கள்,
எழுபத்திரண்டு.

பின்னேரம் ஹஸ்னி உப்புவெளியிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பினான்.
கண்ணாடிக் குவளை ஆறு,
பள்ளத்தில் ஒன்று போய்விட்டது,
வீட்டுக்காரி வாங்கவில்லை.
தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றான்.
ஸ்கேன் பண்ணியதும் திரை தானாகவே எழுதுகிறது:
கழிவு, ஹஸ்னியின் கணக்கில்.
காரணம் தெரிவுசெய்க.
முகவரி பிழை. வாடிக்கையாளர் மறுப்பு. மற்றவை.
குச்சவெளிவரை வெட்டிக் கிடக்கும் றோட்டு
அந்தப் பட்டியலில் இல்லை.
நம்பவில்லை என்று எழுத
எறும்பளவு இடமும் இல்லை.

இல்லையென்றால் படம் எடுத்து ஏற்றச் சொல்கிறது,
ஆறும் தெரியும்படி.

ஐந்து குவளையை மேசையில் வைத்தேன்.
ஆறாவதின் இடத்தில்
சற்றே மங்கலாக, லென்சை ஒட்டி,
என் கட்டைவிரல்.

திரை கொஞ்சநேரம் சுழன்றது.
ஆறுக்கு ஆறு.

"அக்கா, பிடிபட்டால்?" என்றான் ஹஸ்னி.

சோற்றுக் கறை படிந்த பக்கத்தை மூடினேன்.
என் கணக்கில் எழுதட்டும்.